நாலு வாட்டி தொட்ட பணம்

கைரேகை மெஷின் சிவரஞ்சனியின் பெருவிரலை மூன்று முறை வைத்தும் ஏற்கவில்லை. வருஷக்கணக்கில் காப்பி பறித்துத் தேய்ந்த விரல். ரேகை பிடிபட மாட்டேன் என்றது.

"எண்ணெய் இருந்தாக் குடுங்க" என்று குப்பாயி கடைக்காரரிடம் கேட்டாள். இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெயை வாங்கி, அண்ணன் மகளின் கையைத் தன் முந்தானையில் துடைத்துவிட்டு, விரல் நுனியில் வைத்துத் தேய்த்தாள். சளி பிடித்த குழந்தைக்குத் தைலம் தேய்க்கிற மாதிரி அவ்வளவு பதமாகத் தேய்த்தாள். நான்காவது முறை பச்சை விளக்கு எரிந்தது.

ஏற்காடு பஸ் நிற்கிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே கோவிந்தராஜின் மளிகைக் கடை. அரிசி பருப்போடு அந்த மெஷினையும் வைத்திருந்தார். பேங்கில் கிடக்கிற பணத்தைக் கைநாட்டு வைத்து அங்கேயே எடுத்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்குப் பத்தாயிரம்தான் வரும். சிவரஞ்சனி பேரில் வந்திருந்தது நாற்பதாயிரம். அதனால் வாழவந்தியிலிருந்து அத்தையும் அவளும் நாலு நாள் சேர்ந்தாற்போல் பஸ் ஏறி வந்தார்கள். நாலு நாளும் கோவிந்தராஜ் நோட்டுக்களை அவள் கையில் கொடுத்தார். நாலு நாளும் அவள் படியிறங்கி அத்தையிடம் கொடுத்தாள். கடைசி நாள் அத்தை அவளுக்கு ஒரு முட்டை பப்ஸ் வாங்கிக் கொடுத்தாள். சூடு ஆறுவதற்குள் தின்றுவிட்டுச் சிவரஞ்சனி, "நொம்ப நல்லாருக்குங்கத்தே" என்றாள்.

அந்தப் பெண்ணைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் மனசு தாங்காது.

அவளுக்கு இருபத்தொரு வயது. ஆறு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து, பிழைக்க மாட்டாள் என்று சொல்லப்பட்டுப் பிழைத்தவள். பிழைத்தவளுக்குக் கணக்கு மட்டும் வரவில்லை. இருபதைத் தாண்டி எண்ணினால் திரும்பவும் பத்துக்கு வந்துவிடுவாள். ஆனால் பார்த்தது மறக்காது. நடக்காததைச் சொல்ல வராது. பொய் சொல்வதற்கு நடக்காத ஒன்றை மனசுக்குள் நடத்திப் பார்க்க வேண்டுமல்லவா, அந்த வேலை அவளுக்குத் தெரியாது.

அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள். அப்பா மூன்று வருஷத்துக்கு முன்னால், எஸ்டேட்டில் காப்பிச் செடிக்கு நிழல் மிஞ்சாமல் கிளை கழிக்கச் சில்வர் ஓக் மரத்தில் ஏறி, விழுந்து செத்தார். அவர் விட்டுப்போனது ஓர் ஓட்டு வீடும், அதன் கீழே சரிவில் அரை ஏக்கரும். அரை ஏக்கரில் நாற்பத்திரண்டு சில்வர் ஓக். ஒவ்வொன்றிலும் ஒரு மிளகுக் கொடியை அவரே ஏற்றிவிட்டிருந்தார். சிவரஞ்சனிக்கு நாற்பத்திரண்டு எண்ணத் தெரியாது. அதனால் மரங்களுக்குப் பேர் வைத்திருந்தாள். வாத்தியார், கொண்டையன், ரெட்டைச்சடை, பஸ் டிரைவர் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனால், எல்லாரும் இருக்கிறார்களா என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

"கொடி முழுசாக் காய்க்கட்டும் சாமி. அப்பறம் நீ ஒருத்தரு கையையும் பாக்க வேண்டியதில்ல" என்று அப்பா சொல்லியிருந்தார். வருகிற தை மாசம்தான் முதல் முழுக் காய்ப்பு. அவளுக்கென்று உலகத்தில் இருந்தது அது ஒன்றுதான்.

குப்பாயி கெட்டவள் என்று ஊரில் யாரும் சொன்னதில்லை. அண்ணன் மகளுக்குக் குழம்பு கொடுத்தனுப்புவாள், தலை வாரிவிடுவாள். மகளிர் குழுவுக்கு அவள்தான் தலைவி. வாராவாரம் தவணை கட்டுகிற கடன். ஐந்து பேர் சேர்ந்தால்தான் கடன் கம்பெனியில் கொடுப்பார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் பொறுப்பு. அந்த ஐந்தாவது ஆளாகத்தான் சிவரஞ்சனியைச் சேர்த்தாள். அந்த நாற்பதாயிரமும் குப்பாயியின் மகன் பிரபாகருக்குப் போனது. சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட இரண்டு பழைய ஸ்கூட்டர் வாங்கினான். பத்தொன்பது வாரம் குப்பாயி தவறாமல் ஐந்நூறு கட்டினாள். அப்புறம் ஒரு ஸ்கூட்டர் கொண்டை ஊசி வளைவில் உருண்டது. இன்னொன்றைப் போலீஸ் பிடித்து வைத்துக்கொண்டது. இருபதாவது வாரம் ஐந்நூறு இல்லை.

குப்பாயி தன் பேரிலிருந்த தவணையைக் கட்டினாள். சிவரஞ்சனி பேரிலிருந்ததைக் கட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு கம்பெனியிலிருந்து வசூலுக்கு வருகிற ஜாபெஸ், சிவரஞ்சனியின் வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டான். குழுப் பெண்கள் நாலு பேரும் வாசலில் உட்கார்ந்தார்கள். முதல் ஆளாக உட்கார்ந்தவள் குப்பாயி.

"பணம் வராம நான் போவ முடியாதுங்கக்கா. எனக்கும் மேல ஆளு இருக்குது" என்றான் ஜாபெஸ். அவன் குரலை உயர்த்தவே மாட்டான்.

"நாங்களும் வேலைக்குப் போவல. முந்நூத்தம்பது ரூவா கூலி போச்சு. உங்கப்பன் வந்து குடுப்பானா?" என்றாள் குழுவில் ஒருத்தியான ஆராயி.

"அவங்கப்பனை ஏன் இழுக்கறே? மரத்துல இருந்து உழுந்தவனுக்குக் காது கேக்குமாக்கும்" என்று இன்னொருத்தி சொல்ல, சிரித்தார்கள். குப்பாயி சிரிக்கவில்லை. "சும்மா இருங்கடி" என்றாள். ஆனால் எழுந்து போகவும் இல்லை.

சிவரஞ்சனி எல்லாருக்கும் டீ வைத்துக் கொடுத்தாள். விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள் என்றுதான் முதல் வாரம் நினைத்தாள். இரண்டாவது வாரம் அவளுடைய எஸ்டேட் சம்பளத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். மூன்றாவது வாரம் கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான்காவது வாரம், வெளிக்குப் போக எழுந்தவளை, "எங்கடி ஓடறே?" என்று ஆராயி பாவாடையைப் பிடித்து உட்கார வைத்தாள். மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தாள். அதற்குமேல் அடக்க முடியவில்லை. ஈரத்தைப் பார்த்த ஜாபெஸ் மட்டும் தலையைத் திருப்பிக்கொண்டான்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் பாவாடையை மாற்றிக்கொண்டு, ஒருவரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி ஏற்காடு வந்தாள். ஏரிக்கரை வண்டி ஸ்டாண்டில் அவள் தாய்மாமன் தனபால் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான். கரடியூர்க்காரன். முப்பத்தாறு வயது, இரண்டு பெண் குழந்தைகள், ஜீப் மேலேயே கழுத்துவரை கடன்.

"மாமா, ஊட்டு முன்னால எல்லாரும் உக்காந்துக்கறாங்க. நான் ஒண்ணும் பண்ணலீங்க" என்றாள்.

அவன் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டான்.

"எவ்வளவு கண்ணு வாங்குனே?"

"எனக்கு இல்லீங்க மாமா. அத்தைக்கு."

"யாராச்சும் பாத்தாங்களா?"

"கடக்காரரு பாத்தாரு. எண்ணெய் குடுத்தாரு."

பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த இன்னொரு டிரைவர் சொன்னான். "தனபாலு, பேசாம கலெக்டர் ஆபீசுக்கு ஒரு மனு எழுதிப் போடு. ஊட்டு வாசல்ல இப்படி உக்காரக் கூடாதுன்னு இப்பெல்லாம் கடுசாச் சொல்றாங்க. ஸ்டேஷன்லயும் ஒரு காப்பி குடு."

நல்ல யோசனைதான். தனபால் அதைக் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவன் என்ன சொன்னான் தெரியுமா? "எங்க சனத்துக்குள்ள நடந்ததுக்கு ஸ்டேஷன் எதுக்குடா? ஊருல கற்பூரம் ஏத்துனா ஒரு நிமிசத்துல தீந்துரும்" என்றான்.

வாழவந்தியில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. எழுத்தில்லாத கொடுக்கல் வாங்கலில் பிராது வந்தால், குற்றம் சொல்கிறவர் கோயிலில் நின்று, மலைக்கே சாமியான சேர்வராயன் பேரைச் சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். எந்த வார்த்தையைச் சொல்லி அணைக்க வேண்டும் என்பதை எதிராளி சொல்வார். அணைத்துவிட்டால் ஜெயம். அணைக்காமல் கற்பூரம் தானாக எரிந்து முடிந்தால் தோல்வி. ஒரு வழக்குக்கு ஒரு கற்பூரம்தான், மறுபேச்சுக் கிடையாது.

தனபால் கணக்குப் போட்டான். குற்றம் சொல்கிறவள் சிவரஞ்சனி. அவள் வாயில் பொய்யே வராது. ஊருக்கும் அது தெரியும். இதைவிட நல்ல ஆள் எங்கே கிடைப்பாள் என்று நினைத்தான்.

மறுநாள் கோவிந்தராஜிடம் போய், சாட்சிக்கு வரச்சொல்லிக் கேட்டான்.

"நான் சேலத்துக்காரனுங்க தம்பி, பொழைக்க வந்தவன். புள்ள கையில நான் குடுத்தேன். படியெறங்குனதுக்கு அப்பறம் யாரு யாருக்குக் குடுத்தாங்கன்னு எனக்கெதுக்குங்க?"

"புள்ள கையில குடுத்தீங்கள்ல, அது போதுமுங்க" என்று தனபால் சொல்லிவிட்டு வந்தான். அது எதற்குப் போதும் என்று அவன் நின்று யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஊர் மாரியம்மன் கோயிலில் கூடினார்கள். ஊர்க்கவுண்டர் வெங்கடாசலம் நடுவில் உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷர்தான். அன்றைக்கு அவருக்குச் சேலத்தில் கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. பத்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார்.

சிவரஞ்சனி குளித்து, தலைக்குப் பூ வைத்து வந்திருந்தாள். மாமா சொல்லியிருந்தான்: "உனக்குத் தெரிஞ்சத அப்படியே சொல்லு கண்ணு. பயப்படாதே." அவளுக்குப் பயமே இல்லை. தெரிந்ததைச் சொல்வதுதானே அவளுக்கு வருகிற ஒரே காரியம்.

கல்லின்மேல் கற்பூரத்தை வைத்துப் பூசாரி பற்ற வைத்தார்.

"குப்பாயி, வார்த்தைய நீ சொல்லு" என்றார் வெங்கடாசலம்.

குப்பாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். சாமி என்றால் அவளுக்கும் பயம் உண்டு. பொய்ச் சத்தியம் பண்ண அவளால் முடியாது. இரண்டு இரவு தூங்காமல் யோசித்து வைத்திருந்தாள். அவள் பொய் எதுவும் சொல்லவில்லை. மெய்யை மட்டும்தான் கேட்டாள்.

"நான் பெருசா ஒண்ணும் கேக்கலீங்க. அந்தக் கடங்காசு அவ கையில படவே இல்லைன்னு சொல்லி அணைக்கட்டும். அவ்வளவுதான்."

தனபாலுக்கு அப்போதுதான் உறைத்தது. "அதெப்படீங்க? தொட்டுக் குடுத்தது வேற, தின்னது வேற…"

"வார்த்தை அவளுதப்பா. நீ கேட்ட கூட்டந்தானே இது" என்றார் வெங்கடாசலம். "அம்மிணி, கையில படலைன்னு சொல்லிட்டு அணைச்சுரு. சீக்கிரம் சாமி."

சிவரஞ்சனி கற்பூரத்தைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள். அத்தை கோயில் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பட்டுதுங்களே" என்றாள் சிவரஞ்சனி. "நாலு வாட்டி தொட்டேனுங்க. கடக்காரரு குடுத்தாரு. அப்பறம் படியெறங்கி அத்தைகிட்ட…"

"கேட்டதுக்கு மட்டும் சொல்லு" என்றார் வெங்கடாசலம்.

கற்பூரம் பாதிக்குமேல் கரைந்திருந்தது. தனபால் குனிந்து அவள் காதில் சொன்னான். சாகிறவரைக்கும் அந்த வார்த்தை அவன் நாக்கில் முள்ளாக நிற்கும். "படலைன்னு சொல்லிரு கண்ணு. ஒரே ஒரு வார்த்தை. மாமனுக்காகச் சொல்லிரு."

அவள் உண்மையிலேயே முயன்றாள். வாயைத் திறந்தாள். உள்ளங்கையைத் தூக்கித் தீக்குமேல் கொண்டுபோனாள். நெற்றியெல்லாம் வேர்த்தது. அந்தக் கைக்கு நோட்டின் சொரசொரப்பு ஞாபகம் இருந்தது. வராத வார்த்தையைத் தேடிக்கொண்டே கையை அப்படியே வைத்திருந்தாள். தோல் சுட்டது. எடுக்கவும் தெரியவில்லை, அணைக்கவும் தெரியவில்லை.

"மாமா, தொட்டேனே" என்றாள், கெஞ்சுகிற மாதிரி.

தனபால் அவள் கையை இழுத்துக்கொண்டான். கற்பூரம் எரிந்து, கல்லில் ஒரு கறுப்பு வட்டம் மட்டும் மிஞ்சியது. ஆராயி தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பணம் எங்கே போனது என்று கூடியிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். பிரபாகரின் ஸ்கூட்டரில் ஏறிப் போகாதவர்கள் அங்கே குறைவு.

"முடிஞ்சுதுங்க. கடன் புள்ளையோடதுதான்" என்று வெங்கடாசலம் துண்டை உதறித் தோளில் போட்டார். எழுந்தவருக்குக் கொஞ்சம் மனசு உறுத்தியிருக்க வேண்டும். "ஏம்மா குப்பாயி, நீதான் அத்தை. அநாதப் புள்ளைய உட்றாதே" என்றார்.

"உடுவேனுங்களா? என் அண்ணன் ரத்தமாச்சே" என்றாள் குப்பாயி. கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்தது. "மீதிக் கடன நானே கட்டிப்போடறேன். அந்த மொளகுக் கொடிய மட்டும் ஆறு வருசத்துக்கு எனக்குக் குத்தகைக்கு எழுதிக் குடுக்கட்டும். நெலம் அவளுதுதான். நான் ஒரு புடி மண்ணு எடுக்க மாட்டேன்."

"தங்கமான மனசு" என்று யாரோ சொன்னார்கள்.

தனபால் பையில் நாலாயிரத்து முந்நூறு ரூபாய் இருந்தது. ஜீப்புக்கு எட்டாயிரம் அடுத்த வாரம் கட்ட வேண்டும். செவ்வாய்க்கிழமை வந்தால் வாசலில் நாலு பேர் உட்காருவார்கள். அந்த ஈரப் பாவாடையை நினைத்தான். அங்கேயே எழுதிய குத்தகைப் பத்திரத்தில் சிவரஞ்சனியின் கைநாட்டுக்குப் பக்கத்தில் சாட்சி என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டான். வெந்துபோன வலது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவள் இடது பெருவிரலை மையில் வைத்தாள்.

திரும்பிப் போக ஜீப்பில் ஏறியதும் அவள் கேட்டாள். "மாமா, நான் தப்பாச் சொல்லிட்டனுங்களா?"

"இல்ல கண்ணு."

"அப்பறம் ஏனுங்க தோத்தோம்?"

அவன் ஜீப்பைக் கிளப்பினான்.

தை மாசம் கொடிகள் அவள் அப்பா சொன்ன மாதிரியே காய்த்தன. ஏணி வைத்து ஏறி மிளகு பறிக்க ஆள் வந்தது. சிவரஞ்சனியும் கூலிக்குப் பறித்தாள். அத்தை மற்றவர்களுக்குக் கொடுத்த அதே முந்நூற்றைம்பதை அவளுக்கும் கொடுத்தாள், பத்து பைசா குறைக்கவில்லை. உள்ளங்கையில் தழும்பு இறுகியிருந்ததால் அவளால் வேகமாகப் பறிக்க முடியவில்லை.

"ஏ ரஞ்சனி, இது யாரு? பஸ் டிரைவரா? மேல ஏறிக்கட்டா, டிக்கெட்டு எவ்வளவு?" என்று பிரபாகர் ஏணியிலிருந்து கத்துவான்.

"அது கொண்டையனுங்க மாமா. பஸ் டிரைவர் அக்கட்டால நிக்கறாரு" என்று அவள் திருத்துவாள். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

மிளகு காய்வதற்கு முன்பே குப்பாயி சேலத்து வியாபாரியிடம் இரண்டு வருஷக் காய்ப்புக்கு முன்பணம் வாங்கி, சிவரஞ்சனி பேரிலிருந்த கடனை ஒரே மூச்சில் அடைத்துவிட்டாள். சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள் என்று ஊர் மெச்சியது. ஜாபெஸ் போனில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, "முன்கூட்டியே முடிச்சிருக்காங்க. இனி இவங்களுக்கு எழுபதாயிரம் வரைக்கும் தரலாமுங்க" என்றான். குப்பாயி அண்ணன் மகளின் தலையைக் கோதினாள்.

மாசி மாசத்தில் ஒரு நாள், ஜீப்பில் வந்தவர்கள் தண்ணீர் பாட்டில் கேட்டார்கள் என்று தனபால் கோவிந்தராஜின் கடைமுன் நிறுத்தினான். உள்ளே குப்பாயியும் சிவரஞ்சனியும் நின்றார்கள். குப்பாயி அவள் விரலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

தனபால் படியில் தாவி ஏறினான். "கோவிந்தராஜண்ணா, குடுக்காதீங்க!"

"கணக்கு அந்தப் புள்ளைது, ரேகை அந்தப் புள்ளைது. நான் என்ன தம்பி பண்றது?"

"வா தனபாலு தம்பி" என்றாள் குப்பாயி. "பிரபாகரு கார் எடுக்கறான். ஸ்டாண்டுல உனக்குந்தான் தொணையா இருக்கும். மொகத்த ஏன் அப்படி வச்சிருக்கறே?"

பச்சை விளக்கு எரிந்தது. கோவிந்தராஜ் பத்தாயிரத்தை எண்ணி நீட்டினார். சிவரஞ்சனி சட்டென்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டிக்கொண்டாள்.

"அத்தைகிட்டயே குடுங்க" என்றாள்.

அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். மாமனைப் பார்த்ததும் இன்னும் கூடியது.

"மாமா, நல்லாப் பாத்துக்கோங்க. நீங்கதான் சாட்சி. நான் தொடவே இல்லீங்க. இந்த வாட்டி கற்பூரத்த அணைச்சுருவேன்."

வெளியே ஜீப்பிலிருந்து ஹாரன் அடித்தார்கள். குப்பாயி விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு நோட்டுக்களை எண்ணினாள். எண்ணி முடித்துப் பைக்குள் வைக்கிறவரைக்கும் சிவரஞ்சனி கையை முன்னால் கொண்டுவரவே இல்லை.